பாரம் இறக்கிய வள்ளம்

1

ஊர் மலர்க் குழுவினரே, நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டே பக்கம். எஞ்சின் வள்ளங்கள் முதன்முதல் எங்கள் கரைக்கு வந்த காலம், தீர்த்தத் திருவிழாவன்று ஆழங்கடலில் ஓடிய போட்டிகள், வென்றவர்களின் பெயர்கள். படம் இருந்தால் அனுப்பவும் என்று ஒரு வரி வேறு. அன்று வள்ளம் ஓடியவர்களில் பேனை பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம். சும்மா சொல்லக் கூடாது, கேட்டவுடன் எனக்குப் புளுகமாக, பெரிய சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. இப்போது எழுதுவது நீங்கள் கேட்டது அல்ல. மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

லண்டனில் என் அறுபத்தேழாவது பிறந்தநாளுக்கு மகன் ரெடிங்கிலிருந்து போனில் ஒரு கேக்கின் படம் அனுப்பினான். படம்தான், கேக் இல்லை. வதனி நேரிலே வந்தாள். வதனி இராசனின் மகள். இராசன் யாரென்று ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை, கடற்கரைச் சந்தியில் அவன் பெயரில் கல் நிற்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவன் என் சிநேகிதன். நாங்கள் இருவரும் ஒரே வள்ளத்தின் ஆட்கள். அவன் கடலோடு போனபோது வதனி தாயின் வயிற்றில் நான்கு மாதம். இலங்கை நேவி சுட்டு இறந்தான் என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கிறது.

பிறந்தநாள் பரிசாக என்னைத் தேம்ஸ் ஆற்றில் ஸ்பீட் போட்டில் ஏற்றினாள் வதனி. ஏறுவதற்கு முதல் ஒரு பத்திரம். இருதய வருத்தம் உண்டா, முதுகு நோவு உண்டா, கர்ப்பமா? கர்ப்பம் இல்லை என்று கையெழுத்து வைத்தேன். பிறகு மிதப்புச் சட்டையைப் போட்டு, மூன்று வாரைப் பூட்டி, கால்மணி நேரம் பாதுகாப்புப் பிரசங்கம். போட் ஓடிய பெட்டைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "எங்கள் போட்டில் இரண்டு எஞ்சின், ஒன்று நின்றாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்று ஆங்கிலத்தில் பகிடி விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலங்கள் முடிந்து ஆறு அகன்ற இடத்தில் அவள் எஞ்சினை முழுதாகத் திறந்தாள். அணியம், அதுதான் வள்ளத்தின் முன்பக்கம், மேலே எழும்பியது. நானும் என்னை அறியாமல் எழும்பி நின்றுவிட்டேன். நாற்பது வருசத்துக்கு முந்திய பழக்கம். "சேர், சிட் டவுன்!" என்று பெட்டை மைக்கில் கத்தினாள். வெட்கமும் சந்தோசமும் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கரைக்கு வந்து கோப்பி குடிக்கும்போது வதனி கேட்டாள், "அப்பாவும் இப்பிடித்தானே மாமா ஓடினவர்?"

"இதைவிடக் கெதியா" என்றேன்.

அப்போதுதான் பையிலிருந்து ஒரு பைலை எடுத்தாள். கடலில் நடந்த கொலைகளுக்குச் சாட்சியம் திரட்டுகிற வக்கீல்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் தகப்பனின் வழக்கைக் கொடுத்திருக்கிறாள். என்னுடைய பழைய அகதி விசாரணையின் பிரதியை வைத்து ஆங்கிலத்தில் ஒன்பது பக்க வாக்குமூலம் தட்டச்சு செய்திருந்தார்கள்.

"ஐ-விட்னஸ் நீங்கள் ஒராள்தான் மாமா. வியாழக்கிழமை ரெண்டு மணிக்குச் சைன் பண்ணினாக் காணும். அம்மா உயிரோட இருக்கேக்க இதைச் செய்ய வேணும் எனக்கு."

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். எங்கள் வள்ளத்தை நேவி மறித்தது என்று இருந்தது. மூன்று வெடி. இராசனுக்குக் கழுத்தில் பட்டது. எல்லாம் நான் சொன்னவைதான், சொல்லுக்குச் சொல் சரி. உண்மை மட்டும் அதில் இல்லை. இராசனை நேவி சுடவில்லை.

2

நல்லதையும் எழுதத்தான் வேண்டும். அந்த நாட்கள் என் வாழ்வின் நல்ல நாட்கள், அதில் எனக்கு மறு கதை இல்லை.

முதலில் வந்தது எட்டுக் குதிரைவலு எஞ்சின். பாய்மரத்தோடு பழகிய பெரியவர்கள் அதைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். இரண்டு வருசத்துக்குள் இருபத்தைந்து குதிரை வந்தது, அதன் பிறகு நாற்பது. மர வள்ளம் போய்ப் பைபர் வள்ளம் வந்தது. எங்களுக்கெல்லாம் விசர் பிடித்தது. தேத்தண்ணிக் கடையிலும் எஞ்சின் கதை, செத்த வீட்டிலும் எஞ்சின் கதை. தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து இது தவத்தின் வள்ளம், இது இராசனுடையது என்று பெண்கள் அடுப்படியிலிருந்து சொல்லுவார்கள்.

போட்டி தீர்த்தத்தன்று பகல். கரையிலிருந்து நேரே வெளியே ஓடி, முதல் நாள் ஆழத்தில் போட்டுவைத்த மிதப்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். கரைக்குத் திரும்பும்போது எது வானம் எது கடல் என்று தெரியாது, முகமெல்லாம் உப்பு. வள்ளம் அலைக்கு அலை பாய்ந்து விழும்போது பல் கிட்டும். வயிற்றின் அடியில் ஒரு பயம், அதற்கு மேலே ஒரு சந்தோசம். வள்ளத்தின் அடிக்குத் தேங்காயெண்ணெய் பூசுவோம். அதனால் வேகம் கூடியதோ இல்லையோ, வீட்டில் எண்ணெய் முடிந்து ஏச்சு விழுந்தது நிச்சயம்.

போட்டிக்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் பாரம் இறக்கல். வள்ளம் இலேசாக இருந்தால்தானே ஓடும்? ஆகவே சனத்துக்கு முன்னால் ஒவ்வொரு சாமானாக மணலில் இறக்குவோம். உதவிக்கு வைத்திருக்கும் இரண்டாவது எஞ்சின், நங்கூரம், தண்ணீர்க் கேன், துடுப்பு. ஒவ்வொன்றுக்கும் விசிலடி. குவியல் பெரிதென்றால் ஆள் வீரன், துடுப்பை உள்ளே வைத்திருப்பவன் பயந்தாங்கொள்ளி. யார் தொடங்கியது என்று தெரியாது. ஊர் முழுக்க நின்று கைதட்டியது.

இராசனின் வள்ளத்தில் பாரம் இறக்குவது என் வேலை. எங்கள் குவியல்தான் எப்போதும் பெரிது.

3

வியாழனுக்கு முந்திய ஞாயிறு, கிங்ஸ்பரியில் தவம் வீட்டில் நாங்கள் பழைய வள்ளக்காரர் ஐந்து பேர் கூடினோம். மாதம் ஒருமுறை கூடுவோம். ஒருவனுக்குச் சீனி வருத்தம், ஒருவனுக்கு முழங்கால் மாற்றி ஆறு மாதம். நான் இருபத்திரண்டு வருசம் பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவன், எனக்கு நாரி, அதுதான் இடுப்பு, போய்விட்டது. சாப்பாட்டுக்கு முன் கவுன்சிலைத் திட்டுவோம், சாப்பாட்டுக்குப் பின் வாயாலே போட்டி ஓடுவோம். தவத்தின் பேரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போவான். தாத்தாமார் திரும்பவும் போட் ரேஸ் தொடங்கிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் தாய்க்குச் சொல்லுவான்.

அன்று தவம் மிதப்பைச் சுற்றுகிற இடத்துக்கு வந்தபோது நான் குறுக்கே விழுந்தேன். "வதனி வாக்குமூலம் கேக்கிறாள். நான் உண்மையைச் சொல்லப் போறன்."

மற்றவர்கள் தவத்தைப் பார்த்தார்கள். 

"எந்த உண்மையை?" என்றான் தவம்.

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியாமலோ? அண்டைக்குப் பின்னேரம் உங்கட துடுப்பு ரெண்டையும் தூக்கிக்கொண்டுபோய் என்ர வீட்டுக் கூரைக்குள்ள செருகினவன் நான். இவை ஆக்களும் ஒவ்வொண்டாத் தூக்கினவை. குவியல் கிடந்த இடத்தில அடுத்த நாள் வெறும் மணல். அப்ப நாங்கள் ஆரும் வாய் திறந்தனாங்களோ?"

"அதுதான் இப்ப திறப்பம்."

"கோதாரி பிடிப்பானே! நேவி ஆரையும் சுடேல்லையோ? எங்கட கடலில எத்தினை பேரைச் சுட்டவங்கள்? அதில ஒண்டு கூடினா என்ன குறைஞ்சுபோச்சு?"

"உண்மையாச் சுடுபட்டவன்ர பைலுக்குப் பக்கத்தில என்ர பொய்யை வைக்கச் சொல்லுறியோ? ஒண்டு பொய்யெண்டு பிடிபட்டா மற்றதையும் ஆர் நம்புவான்?"

தவம் வேறு பக்கத்தால் வந்தான்.  "உன்ர அகதிக் கேஸும் அதிலதானே வெண்டது? பாஸ்போர்ட்டைப் பறிச்சா எங்க போவாய்? வாயைப் பொத்திக்கொண்டு சைன் வை."

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கமலாவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் மரியாதையாக.

4

நடந்தது இதுதான்.

எங்கள் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆனால் மண்ணெண்ணெயில் கிளம்பாது. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னும் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கிளப்ப ஏலாது. அதற்கென்று ஒரு போத்தல் பெற்றோல் வள்ளத்தில் இருக்கும். அன்று கரையிலேயே எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றியாயிற்று. இனி எதற்குப் பெற்றோல்? நான் அந்தப் போத்தலையும் தூக்கிக் குவியலின் உச்சியில் வைத்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இராசனுடைய மனைவி பரமேஸ்வரிகூடச் சிரித்தாள்.

மிதப்பை நாங்கள்தான் முதலில் சுற்றினோம். மற்றவர்கள் பின்னால், எட்டத்தில். இராசனுக்குக் கொழுப்புக் கூடிவிட்டது. அவர்கள் கிட்டவரட்டும், பிறகு பறப்போம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகாட்டினான். நான் போத்தலை இறக்கியபோது அவன் எஞ்சினடியில் குனிந்து நின்றான், அது வள்ளத்தில் இல்லை என்று அவனுக்குத் தெரியாது. நானும் அந்த நொடியில் யோசிக்கவில்லை. அவன் கயிற்றை இழுத்தான், இழுத்தான், எஞ்சின் இருமியதோடு சரி. மற்ற வள்ளங்கள் எங்களைக் கடந்தன. பகிடி விடுகிறோம் என்று நினைத்துத் தவம் பழிப்புக் காட்டிக்கொண்டு போனான்.

அது சோழகக் காலம். தென்மேற்குக் காற்று கரையிலிருந்து வெளியே அடிக்கும். நங்கூரம் இல்லை, துடுப்பு இல்லை, தண்ணீர் இல்லை. எல்லாம் மணலில். நாங்கள் வராததைக் கண்டு அவர்கள் திரும்பத் தேடி வர வெளிக்கிட்ட நேரத்தில் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டதாம். நேவி. ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இரண்டு இரவு, இரண்டு பகல். அதைப் பற்றி எழுத மாட்டேன். இராசன் என்னை ஒரு சொல் ஏசவில்லை, அதை மட்டும் எழுதுகிறேன். மூன்றாம் நாள் காலையில் தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது. சட்டையைக் கழற்றி வீசினோம், அது திரும்பவில்லை.

"குணம், நான் நீந்திப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றான்.

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது. தண்ணீர் வேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. "போ" என்றேன்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். அந்த வள்ளம் தானாகவே வளைந்து என்னிடம் வந்தது. அவர்கள் அக்கரை மீனவர்கள், தமிழ்நாட்டுக்காரர். அவர்கள் இராசனைக் காணவில்லை. மத்தியானம்வரை சுற்றிச் சுற்றித் தேடினார்கள். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று கிழமை கழித்து நான் ஊருக்கு வந்தபோது கரை முழுக்கக் கறுப்புக் கொடி. அந்த வெடிச்சத்தத்தை வைத்து ஊர் தானே முடிவு கட்டியிருந்தது. பரமேஸ்வரியின் தகப்பன் என் இரண்டு கையையும் பிடித்து, "சுட்டுப்போட்டாங்களோ தம்பி?" என்றார். நான் "ஓம்" என்றேன். நான் ஊரில் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். மிச்சத்தை மற்றவர்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

பிறகு லண்டனுக்கு வந்து குறொய்டனில் அகதி விசாரணை. எத்தனை வெடி, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்கக் கேட்கப் பொய்க்குக் கையும் காலும் முளைத்தன. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்காரர், நல்ல மனிதர். "எங்கே பட்டதுன்னு கேக்குறாங்க சார், அவசரமில்லாம யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் யோசித்து, கழுத்து என்றேன். அந்தக் காகிதத்தின் பிரதி பரமேஸ்வரியின் விசாரணைக்கும் போனது. அவளுடைய பைலிலும் அதே மூன்று வெடி இருக்கிறது.

5

வியாழக்கிழமை சொலிசிட்டர் அலுவலகத்தில் எல்லாம் தயார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள். சொலிசிட்டர் இளம் வெள்ளைக்காரி. கடைசிப் பக்கத்தில் இருந்த வசனத்தைப் படித்துக் காட்டினாள்: இதில் உள்ளவை உண்மை என்று நம்புகிறேன். விளங்குகிறதா என்று கேட்டாள். நன்றாக விளங்கியது.

பேனையை எடுத்தேன். பக்கத்தில் வதனி இருந்தாள். தகப்பனின் தாடை, தகப்பனின் காது. நாற்பது வயது தாண்டிய பெண், தகப்பனைப் படத்தில் மட்டும் கண்டவள். பேனையைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, இது பொய்."

"வாட்?"

தமிழில்தான் சொன்னேன். போத்தலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொலிசிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.  முடிந்ததும் வதனி அந்த ஒன்பது பக்கத்தையும் அடுக்கி, ஓரம் தட்டி, பைலுக்குள் வைத்தாள்.

"அப்ப ஒருத்தரும் அப்பாவைக் கொல்லேல்லையா?" என்றாள். "ஐ மீன்… நான் ஆரோட கோவிக்கிறது?"

"என்னோட கோவி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபித்திருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னாள், "அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. இப்ப. பிறகு ஊருக்கும் எழுதுங்கோ. அந்தக் கல்லைப் பாத்துப் பொய்யை நம்பிக்கொண்டு ஒருத்தரும் இருக்க வேண்டாம்." ஆகவே கல்லில் உள்ள அந்த வரியை என்ன செய்வது என்று ஊர் கூடி யோசியுங்கள். என் பாஸ்போர்ட் பறிபோனால் போகட்டும் என்று வீரம் பேச மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

6

பரமேஸ்வரி வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிறாள், அம்மன் கோயிலுக்கு நடக்கிற தூரம். நாங்கள் போனபோது அடுப்படி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கோ குணமண்ணை. என்ன, சைன் வைச்சாச்சே?"

வதனி கதவடியில் நின்றுவிட்டாள். நான் கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினேன். பரமேஸ்வரியின் கை நிற்கவில்லை, ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டே இருந்தது. பெற்றோல் போத்தலைச் சொன்னபோது தலையை ஆட்டினாள், குவியலின் உச்சியில் அதைக் கண்டது நினைவிருக்கிறதாம். எஞ்சின் நின்றதைச் சொன்னேன். காற்றைச் சொன்னேன், அவன் நீந்திப் போனதைச் சொன்னேன். அழுவாள், ஏசுவாள், கையில் இருப்பதை எறிவாள் என்று காத்திருந்தேன். 

"எத்தினையாம் நாள் போனவர்?" என்று கேட்டாள்.

"மூண்டாம் நாள் காலமை."

"அப்ப திதியும் பிழை."

 ஒவ்வொரு வருசமும் போட்டி நடந்த நாளின் திதியில்தான் அவள் திவசம் கொடுக்கிறாள். ஐயருக்குச் சொல்லி, காய்கறி சமைத்து, காகத்துக்குச் சோறு வைத்து. லண்டனில் காகம் வராது, புறாதான் வரும். வருசா வருசம் நானும் போய் இருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"மனிசன் உயிரோட இருந்த நாளுக்கெல்லோ நான் பிண்டம் வைச்சிருக்கிறன்" என்றாள். குரல் உயரவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள் பரமேஸ்."  

"போத்தலுக்கு என்ன மன்னிப்பு? இறக்கேக்க நானும்தானே சிரிச்சனான்." அவள் இன்னொரு பிடி கீரையை இழுத்தாள். "நீந்தப் போய் எவ்வளவு நேரத்தில அந்த வள்ளம் வந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது வருசம் சொன்னவனுக்கு இன்னுமொரு பொய் பாரமா? ஆனால் அன்றைக்கு உண்மை சொல்ல வந்தவன் அல்லவா நான்!

"ஒரு மணித்தியாலம்."

கீரை ஆய்வது நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சூடு பட்டு, கண் மூடித் திறக்க முந்திப் போயிட்டார் எண்டு நினைச்சுத்தான் அண்ணை நான் இவ்வளவு வருசமும் நித்திரை கொண்டனான்" என்றாள். "இனி அந்த மனிசன் நீந்திக்கொண்டெல்லோ இருக்கப்போறார்."